ஊஞ்சலில் அப்பா

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், முக்கியமாக எங்கள் பிளாக் ஆன்ட்டிகளுக்கு.

நீட் படித்துத் தலை வெடித்ததால், இன்று டியூஷனுக்குப் போகாமல் பார்க்கில் ஊஞ்சலாடப் போனேன்.

அங்கே சுரங்க வேலை யூனிஃபார்மில், மடியில் ஹெல்மெட்டோடு, கண்ணை மூடி ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார்.

அப்பா!

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"உனக்கு டியூஷன் இல்ல?"

"உங்களுக்கு ஓவர்டைம் இல்லியாப்பா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வீட்டுக்கு வந்தா எரிஞ்சு விழறேன்னு உங்கம்மாதானே சொல்றா? அதான் தினம் இங்க கொஞ்சம் ஆறிட்டு வரேன். சொல்லிடாதம்மா."

பக்கத்து ஊஞ்சலைக் காட்டினார். இருவரும் ஆடினோம்.

இப்போது ஹாலில் அம்மா போனில் பேசுகிறாள். "என்ன மிஸ், இன்னிக்கு வரவே இல்லியா?"

எங்கே போனேன் என்று கேட்பாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் என்ன சொல்ல? சீக்கிரம் யாராவது சொல்லுங்களேன்.

கதவைத் தட்டுகிறாள்