பால்சுறா கேட்கக் கூசிய காலை

முதல் குழந்தை பிறந்து ஐந்து நாளாகியும் என் மனைவிக்குப் பால் சரியாக ஊறவில்லை. குழந்தை ஓயாமல் அழுதது. பால் ஊறுவதற்குச் சுறாப் புட்டு செய்து தர, பால்சுறா வாங்கி வரச் சொல்லி மாமியார் என்னைக் காசிமேட்டு மீன் சந்தைக்கு அனுப்பினார். பேர் சொல்லிக் கேட்டால் எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கூச்சத்தில், கண்ணில் பட்ட பெரிய சுறா ஒன்றைக் கைகாட்டினேன்.

"யாருக்கு நைனா?" என்றாள் மீன்காரம்மா.

"வூட்ல கொயந்த பொறந்துகீது," என்றேன் மெதுவாக.

"அத்தச் சொல்லாம இந்தப் பெர்சத் தூக்கினு போனா பால் ஊறுமா? இதுக்கு இன்னா வெக்கம்?"

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். அவள் இரண்டு சின்னப் பால்சுறாவை எடுத்துப் போட்டாள்.

மாமியார் பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்தார். மூன்றாம் நாள் காலை குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்து, நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.