ரோமாபுரிச் சுவரைக் கழுவினேன்

1. தண்ணீர் விட்டது

சென்னீர்குப்பம் தாண்டி ஒரு மைதானத்தில் சினிமாவுக்காக ஊர் கட்டினார்கள். ரோமாபுரி ராஜா தூர தேசத்தில் கட்டிய பட்டணமாம். தூண், கோயில், குளிக்கிற மண்டபம் எல்லாம் பிளைவுட்டும் தெர்மாகோலும்தான். கதாநாயகன் ஏறி நிற்கும் சுவர் மட்டும் நிஜச் செங்கல், சிமென்ட் பூச்சு. அதற்காக மேஸ்திரி என்னையும் இன்னும் மூன்று பெண்களையும் கூட்டிப் போனார். முப்பது வருடச் சித்தாள் நான். என் கலவையைக் குறை சொன்னவர் கிடையாது.

பூசிய மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கக் கரியும் செம்மண்ணும். எந்தப் பாவி அழுக்காக்கினானோ என்று திட்டிக்கொண்டே துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினேன். புதுப் பூச்சுக்குக் காலையில் தண்ணீர் விடுவது எப்படியும் என் வேலை.

மேஸ்திரி அலறிக்கொண்டு ஓடி வந்தார். "யக்கா, இன்னா பண்ணிகீற? பத்து மணிக்கு சூட்டிங்கு! அந்த அழுக்க பெயின்டருங்க வேணும்னே அடிச்சிட்டுப் போயிகீறானுங்க!"

"அழுக்கடிக்கக்கூட ஆள் வச்சிகீறாங்களா? யாரு சொன்னா எனக்கு?"

ஆர்ட் டைரக்டரும் வந்துவிட்டார். "படத்துல ஊர் பாழாப்போய் ஆயிரம் வருஷம் ஆச்சும்மா. நீங்க அரை மணியில புதுசாக்கிட்டீங்க. மேஸ்திரி, உங்க ஆளுங்க யாரும் இனிமே வேணாம்."

ஐந்து பேருக்கும் ஒரு மாத வேலை போகப் பார்த்தது. பெயின்டர்களோ வேறு சூட்டிங்குக்குப் போய்விட்டார்கள்.

2. பாழாக்கியது

"சார், அவனுங்க அடிச்சதும் பழைய சுவரு இல்ல," என்றேன். "மேலேர்ந்து கீழ வரிக்கும் ஒரே கலரு. சுவரு கீழேர்ந்துதான் கெடும். அயனம்பாக்கம் ஏரிக்கரையாண்ட ஊடு கட்டிகினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

"ஒம்பதரை வரைக்கும் டைம்," என்றார்.

சுத்தியலால் சுவரின் அடிப்பக்கத்துப் பூச்சைக் கொத்திச் செங்கல் தெரியவிட்டோம். முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கரைசல், ஏற்ற இறக்கமாக. அதற்கு மேலே உப்பு பூத்தது போல் சுண்ணாம்புத் தூள். மழைநீர் வழியும் இடத்தில் மட்டும் கரி.

ஆர்ட் டைரக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு கோயில் பக்கம் கை காட்டினார். "அதையும் இப்படியே கெடுத்துக் குடுங்கம்மா."

மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். "யக்கா இருந்தா எந்த ஊரும் உருப்படாது சார்!"

மாதம் முழுக்க ஒரு பட்டணத்தையே பாழாக்கினோம்.

வேலைக்கு வரும் இளசுகளுக்குச் சொல்கிறேன். போன இடத்தில் சுவர் எதற்கென்று முதலில் கேளுங்கள். நான் கேட்காமல் கழுவினேன். கெட்டிக்காரி, தப்பித்தேன். எல்லோராலும் முடியாது.