முதுகு காட்டி உட்கார்ந்தவன்

அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோர்ப்பவன் கதையைத் தலைகீழாகத்தான் வாசிக்கிறான். பயம் மட்டும் நேராகவே வந்து சேருகிறது. என்னைப் போல விளக்கடியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் அன்பர்களுக்கு இது தெரியும்.

சத்தமாக வாசித்தது

எங்கள் மாசப் பத்திரிகைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து தபாலில் ஒரு கதை வந்தது. ஆற்றில் குளித்துவிட்டு ஒருவன் வீடு திரும்புகிறான். பெண்சாதி கதவைத் திறந்து, “நீங்க அப்பவே வந்து சாப்பிடுதியளே” என்கிறாள். உள்ளே ஒருவன் முதுகு காட்டி உட்கார்ந்து சோறு பிசைகிறான். கதை அவ்வளவுதான்.

பிழை பார்க்கும்போது ஒருவர் கைப்பிரதியைச் சத்தமாக, கமா, புள்ளி உள்பட வாசிக்க வேண்டும். மற்றவர் அச்சைப் பார்ப்பார். அன்றைக்கு வாசித்தவர் பாளையங்கோட்டை ஞானமுத்து. கடைசி வரியில் புள்ளி சொல்லாமல் நிறுத்திவிட்டார். “புள்ளி உண்டா?” என்றேன்.

“நீரே பாத்துக்கிடும் வே. அந்த வரிய இன்னொரு மட்டம் என் வாயால சொல்ல மாட்டேன்.”

ஒரு வரிக் கனவு

சந்தாதாரர்கள் பயப்படுவார்கள் என்று முதலாளி அண்ணாச்சி, ‘விழித்துப் பார்த்தான்; எல்லாம் கனவு’ என்று முடிவில் சேர்க்கச் சொன்னார். கோர்த்தேன். மறுகணமே பயம் போய்விட்டது. இனி நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் கதை செத்துப்போயிருந்தது. மனம் கேட்கவில்லை. கனவோடு ஒன்று, கனவில்லாமல் ஒன்று, இரண்டு படி எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

முதலாவதைப் படித்துக் கொட்டாவி விட்டார். இரண்டாவதைப் படித்தவர், திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார். வெகுநேரம் வெற்றிலையை மெல்லவில்லை.

“கனவத் தூக்கிப் போடும் வே. போகும்போது கதவச் சாத்தாண்டாம்.”

என் வீட்டு வாசல்

கனவில்லாமலே அச்சேறியது. விடிந்து வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குக் கை எழவில்லை. உள்ளே தட்டு வைக்கிற சத்தம். அங்கனயே நின்றேன். தட்டாமலே கதவு திறந்தது. பெண்சாதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இப்பந்தான கதவத் தட்டுனிய, நான் வந்து தொறந்தா ஆளக் காணல, எங்க போனிய?”

நல்ல பயங்கரக் கதையை ரசித்தவனுக்கு அடையாளம், வீடு முழுக்கத் தேடிப் பார்த்தபிறகுதான் அவன் சாப்பிட உட்காருவான், அதுவும் சுவரோடு முதுகை ஒட்டவைத்துக்கொண்டு.