கார்டு கோட்டில் வந்த துரைப் பேய்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நாங்கள் மூன்று பேர் அம்பத்தூரில் ரயிலேறிப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மூவரில் ஒருவனுடைய மாமா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். சாவி கொடுத்து ஓட்டுகிற சின்ன சினிமா கேமராவையும் ஒரே ஒரு சுருள் பிலிமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அவனிடம் தர அவர் ஒப்புக்கொண்டார். போதாதா? பேய்ப் படம் எடுப்பதென்று ரயிலிலேயே முடிவாகிவிட்டது.

வெயில் இருந்தால்தான் படம் விழும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் என்ன? உச்சி வேளையில் பேய் உலாவும் என்று மிரட்டித்தானே எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைப்பார்கள்! மேனாம்பேட்டுக்கு அப்பால் கூரை விழுந்த பழைய பங்களா ஒன்று இருந்தது. இடத்துக்கு அது. எலும்புக்குக் கசாப்புக் கடை, சங்கிலிக்கு எங்கள் மாட்டுக் கொட்டகை, முகத்தில் அப்ப அரிசி மாவு. மிச்சமிருந்தது பேயின் உடுப்புதான்.

“மோகினின்னா வெள்ளப் பொடவ தான். அதுக்கு இன்னாத்துக்குக் கவல? இவன் ஊட்டாண்ட போ, கொடி பூரா வெள்ளப் பொடவையா கீது!” என்றான் கேமராக்காரன். பெட்டியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

அப்பா போனபோது எனக்கு நாலு வயசு, அம்மாவுக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து அவள் உடுத்தியதெல்லாம் வெள்ளைதான். அதை இழுத்துச் செருகிக்கொண்டுதான் கழனியில் இறங்கினாள், என்னைப் படிக்க வைத்தாள். அதைப் போய்ப் பேய்க்குக் கேட்பதா? முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. என்னால்தான் படம் நின்றது என்பார்களே! ஞாயிறு காலை அவள் கழனிக்குப் போனதும், கொடியிலிருந்து ஒரு புடவையை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். திருடன் மாதிரி என்ன, திருடனேதான்.

பங்களாவில் மூன்றாமவன் எனக்கு முன்பே வந்திருந்தான். அவன் ரயில்வே கார்டின் மகன். உடம்பில் அவன் அப்பாவின் கறுப்புக் கோட்டு, தலையில் அவர் தொப்பி, முகமெல்லாம் அரிசி மாவு.

“மோகினி வாணாம் மாமே. எல்லாப் பேயும் பொம்பளயாவே இருக்கணுமா? இது செத்துப்போன தொர. பங்களா தொர கட்னது தானே?”

“கதைய மாத்த நீ யார்ரா?” என்று கேமராக்காரன் முறுக்கிக்கொண்டான். பிறகு கோட்டைச் சுற்றி வந்து பார்த்தான். “சோக்கா கீதுடா!” என்றான். அப்பாடா! அந்தக் கணத்தில் கார்டு மகன் காலில் விழுந்திருப்பேன். செங்கல் குவியலுக்குப் பின்னாலிருந்து துரை சங்கிலியை இழுத்துக்கொண்டு எழுந்து வந்தபோது, எல்லாம் தெரிந்த நானே இரண்டடி பின்வாங்கினேன். அங்கே பையை விட்டு எடுக்காமலே புடவையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். அம்மா அப்போதும் கழனியில்தான் இருந்தாள்.

மறுநாள் ரயிலில் கார்டு மகன் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். கோட்டில் மாவும் சுண்ணாம்பும் அப்பிக் கிடந்ததை, காலையில் ட்யூட்டிக்குப் புறப்பட்ட அவன் நைனா பார்த்துவிட்டாராம். பெல்ட்டை உருவியிருக்கிறார்.

இத்தனை வருஷத்தில் எனக்கு உதவியவர்கள் நிறையப் பேர். நன்றி என்று யாராவது வாயெடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முதுகுதான்.

“ஏண்டா இந்த வேல உனக்கு? நான்தான் பொடவ கொண்டாந்திருந்தேனே” என்றேன் அன்று ரயிலில்.

“தெரியும். பை உப்பிக்கினு இருந்துச்சு” என்றான் அவன், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. “அந்தப் பொடவைய ஒருத்தன் சுத்திக்கினு ஆடி, நாங்க ‘ஐயோ, பேய்’னு கத்திக்கினு ஓடி... அப்பால எந்த மூஞ்சிய வெச்சிகினு உங்கம்மா கையால சோறு வாங்கித் துன்றது?”