இருபது கம்பியும் இருபத்தெட்டுக் கம்பியும்

காரைக்காலில் நான் டியூப் மாற்றப் போகும் சைக்கிள் கடையில்தான் அவரைப் பார்த்தேன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. தலத்தெருவிலிருந்து ரேஸ் சைக்கிளிலேயே போய்வருவார். பருத்த உடம்பு. எந்தச் சக்கரத்தைத் தொட்டாலும் அதன் கம்பியை நகத்தால் சுண்டுவார். ஓசை அடங்கும்வரை பேசமாட்டார்.

அன்று அவர் முன்னால் இரண்டு ஜோடி விலையுயர்ந்த அலுமினியச் சக்கரங்கள் இருந்தன. ஒன்று எடை குறைந்தது. எண்ணிப் பார்த்தேன், இருபதே கம்பி. நூறு கிலோவுக்கு மேற்பட்டவர்கள் ஓட்டக்கூடாது என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. மற்றது கனம், இருபத்தெட்டுக் கம்பி. அவர் ஆசை முதலாவதில். அவர் எடையோ நூற்றாறு.

“எட்டுக் கம்பி குறையுதுங்களே. நிலக்கரி லாரி ஓடுற ரோடு. ஏன் வம்பு?” என்றேன்.

“கம்பி குறைஞ்சா பரவால்ல சார், நான்தான் குறையணும். தவக்காலம் வருது. ஈஸ்டர் வரைக்கும் கறியத் தொடமாட்டேன். எறங்கிடுவேன்.”

“போன வருசமும் இதத்தான் சொன்னீங்க” என்று கடைக்காரர் சிரித்தார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் அவரை மறுபடி அங்கே கண்டேன். கடையிலிருந்த எடை மெஷினில் ஏறினார். தொண்ணூற்றொன்பது. எனக்கே கைதட்டத் தோன்றியது. கடைக்காரர் இருபது கம்பிச் சக்கரத்தை எடுத்தார்.

“அது வேணாங்க. கனமானதையே குடுங்க.”

“ஏங்க?” என்று பதறினேன்.

“நாளைக்கு வீட்டுல பிரியாணி சார்.”

குறைத்த எடைக்கு வாங்காமல், திரும்பி வரப்போகும் எடைக்குச் சக்கரம் வாங்கினார். அது புத்தியா, சலிப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் மனிதர் சந்தோஷமாகத்தான் மிதித்துப் போனார்.