பன்னீர் பட்ட படலம்

பற்றரிக்குள் இரண்டு தகடுகள் இருக்கும். ஒன்றையொன்று தொட்டால் கதை முடிந்தது. தொடவிடாமல் நடுவில் கிடக்கும் மெல்லிய வெள்ளைப் படலத்தைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். பிளாஸ்டிக்தான், ஆனால் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. அந்தத் துளைகளில் அயன் திரவத்தை ஊற வைக்க வேண்டும். அது தண்ணீர் கலக்காமலே திரவமாக இருக்கிற உப்பு, சுலபத்தில் தீப்பிடிக்காது. அதற்குச் சத்துரு ஈரம். கல்முனைக் கடற்காற்றில் அடுக்களை உப்பே கட்டிபட்டுப் போகும். இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த வேலையைப் பிடித்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் கெம்பஸுக்கு வந்தார்கள். என் படலம் போட்ட பற்றரி ஒரு சின்ன மின்விசிறியைச் சுற்ற வைத்தால், மேற்படிப்புக்கு என்னை எடுப்பதாகப் பேச்சு. "இது சரிவரல்லண்டா நிக்காஹ்தான்" என்று உம்மா முடிவாகச் சொல்லியிருந்தா.

விருந்தாளிக்குப் பன்னீர் தெளிப்பது எங்கள் ஊர் மரியாதை. பேராசிரியர் பன்னீர்ச் செம்போடு வாசலிலேயே நின்று தெளித்தார். வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே வந்து, படலங்களை உலர வைத்திருந்த பெட்டியைத் திறந்தார்.

"சேர், வேணாம் சேர்! தண்ணி படப்படாது!"

"சும்மா இரி புள்ள, பரக்கத்துக்குத்தானே" என்று ஆசீர்வதிக்கிறவர்போல உள்ளேயும் உதறினார். ஈரம் ஆகாது என்று எனக்கு வகுப்பெடுத்ததே அந்த மனிசன்தான்!

"திரும்பக் காய வைக்கணும் சேர். நாளைக்குக் காட்டுவம்" என்று கெஞ்சினேன்.

"விருந்தாளியக் காக்க வைக்கிறதா? இப்பவே செய்."

நனைந்ததையே பற்றரிக்குள் வைத்துப் பூட்டினேன். விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றியது, நின்றது. அவர் அவர்கள் பக்கம் திரும்பி, நான் கவனமில்லாத பிள்ளை என்று ஆங்கிலத்தில் சொன்னார். கையில் பன்னீர் காயாமலே சொன்னார். நான் வாய் திறந்தேன். முகத்துச் சிரிப்பைக் கலைக்காமல், "வாய் காட்டாத, வெளிய போ" என்றார் தமிழில்.

மறுநாள், வந்தவர்கள் முன்னால், அவருடைய தங்கச்சி மகன், என்னோடு அங்கே ஆய்வு செய்தவன், நான் முன்பே காற்றுப் புகாமல் ஒட்டி வைத்து, முந்தின நாள் பதற்றத்தில் மறந்தே போயிருந்த பொதியைப் பிரித்தான். என் படலம்தான். விசிறி நிற்காமல் சுழன்றது. "மருமகன்ட கையில எப்பிடி வருது பாத்தியா?" என்றார் பேராசிரியர் என்னிடமே. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவர் குரல்வளையைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது. அது நான் செய்தது என்று வந்தவர்களில் ஒருவரிடம் சொன்னேன். குழுவாகச் செய்ததுதானே என்று அவர் அன்பாகத் தலையாட்டினார்.

மருமகன் விமானம் ஏறினான். எனக்கு நிக்காஹ் முடிந்தது.

போன கிழமை வாட்ஸ்அப்பில் அவன் குரல் வந்தது. "தங்கச்சி, இஞ்ச செய்ற படலத்துல துளையெல்லாம் அடைபட்டுப் போகுது. ஒன்ட முறையக் கொஞ்சம் சொல்லு. இல்லாட்டி இத உட்டுட்டு வேற ஒண்டுக்குப் போகச் சொல்றாங்க."

அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். படலத்தைக் காய வைக்கும் சூட்டைக் கொஞ்சம் பிழையாகச் சொன்னால் போதும், நாசமாய்ப் போவான். ஆனால் அவனா போவான்? அவனுக்கு வேறொன்று கிடைக்கும். குப்பைக்குப் போவது என் படலம்தான்.

கறியை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் விடாமல், சரியாகவே சொன்னேன்.