எலுமிச்சை மரத்தடியில் புதைத்த ஹாம்ஸ்டர்

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். பாபநாசத்தில் விதை நெல் உற்பத்தி செய்கிறேன். கண்ணால் பார்க்காததை நம்பினால் என் தொழில் நடக்காது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி. தஞ்சாவூரில் இருக்கும் என் தங்கை குடும்பத்தோடு பழனிக்குப் போனபோது, அவள் மகள் யாழினி தன் ஹாம்ஸ்டரை எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். கைக்குள் அடங்குகிற வெள்ளை ஜந்து, எலி மாதிரிதான், வால் மட்டும் இருக்கிற இடம் தெரியவில்லை. பெயர் பஞ்சு. வலது காதில் சின்னக் கிழிசல். வயலில் எலிக்குக் கிட்டி வைக்கிறவன் வீட்டில் எலிக்குக் கூண்டும் சக்கரமும். என்ன செய்வது, தங்கை மகள் கேட்டால் மறுக்க முடியுமா?

"மாமா, பனியில வச்சிடாதீங்க. குளிர் பட்டா தூங்கிடும், செத்த மாதிரியே கெடக்கும். அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பன்னிரண்டு வயசுப் பெண், எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று பாதிதான் காதில் வாங்கினேன். கூண்டைக் கொண்டுபோய் விதை அறையில் வைத்தேன். நவரைப் பட்டத்து நடவுக்கு விதை ஊறப்போட்டிருந்த சமயம், தரையெல்லாம் ஈரம், கால் வைத்தால் சில்லிடும்.

மறுநாள் காலையில் பஞ்சு சுருண்டு கிடந்தது. தொட்டால் கல் மாதிரி குளிர்ச்சி. என் மனைவி செல்வி பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்து வந்து அதன் மூக்கருகே பிடித்தாள்.

"ஆவி படியுதுங்க."

"அது ஒன் மூச்சா இருக்கும். தள்ளி நில்லு."

தள்ளி நின்று பிடித்தாள். அப்புறமும் படிந்தது என்றாள் அவள், இல்லை என்றேன் நான்.

உறக்கம் விதைக்காரர்களான எங்களுக்குப் புதிதில்லை. சில ரக நெல்லை அறுத்த கையோடு ஊறப்போட்டால் முளைக்காது. செத்துப்போகவில்லை, உறங்குகிறது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க நான் கண்ட வழி, ஊறவைத்து ஈரச்சாக்கில் கட்டி மூட்டம் போடுவது. உள்ளே சூடு ஏறும். உயிருள்ளது முளைவிடும், மற்றது பொக்கு. என் புத்தி அங்கேதான் போனது. பஞ்சைத் துணியில் சுற்றி, மூட்டம் போட்டிருந்த விதை மூட்டைகளின் இடுக்கில் வைத்தேன். யாராவது ஹாம்ஸ்டரை ஈரச்சாக்கில் வைப்பார்களா? நான் வைத்தேன். ஒரு நாள் கழித்துப் பிரித்தால் நெல்லெல்லாம் வெள்ளையாக முளை காட்டியிருந்தது. பஞ்சு வைத்தபடியே கிடந்தது.

பொக்கு என்று முடிவு கட்டினேன்.

"இன்னும் ஒரு நாள் பாக்கலாங்க. புள்ளைக்கு என்ன பதில் சொல்றது?" என்று செல்வி கெஞ்சினாள். எனக்கும் அந்தப் பிள்ளையின் முகம்தான் கண் முன்னால் நின்றது. நாற்றமெடுத்த உடம்பையா அவளிடம் காட்டுவது? கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் ஒரு முழம் தோண்டி, துணியோடு புதைத்தேன். நாய் கிளறாமல் இருக்க, துணி துவைக்கிற கல்லைப் புரட்டி மேலே போட்டேன். என் கையால் செய்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் கூண்டைக் கழுவலாம் என்று போகிறேன், உள்ளே பஞ்சு உட்கார்ந்திருக்கிறது. கதவில் கொக்கி போட்டபடி இருக்கிறது. முதுகு மயிரில் ஈரமண். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. என்னைப் பார்த்துக்கொண்டே கன்னத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தது. அத்தனையும் முளைவிட்ட நெல். காதில் அதே கிழிசல்.

செல்வியைத்தான் சந்தேகப்பட்டேன். "நீதானே தோண்டி எடுத்த?"

"அந்தக் கல்லை நான் ஒருத்தி பொரட்டிடுவேனா? நீங்க பொதைச்சீங்களாங்கறதே எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றாள். அன்று முழுக்க நாங்கள் ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போய்ப் பார்த்தேன். கல் போட்ட இடத்தில் இருந்தது, சுற்றிலும் மண் கலையவில்லை. தோண்டிப் பார்த்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். கடப்பாரையோடுதான் போனேன். கை வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் சரி. இருந்துவிட்டால்?

பழனியிலிருந்து திரும்பிய யாழினி பஞ்சை அள்ளி முத்தம் கொடுத்து வாங்கிப் போனாள்.

இந்த ஜந்து இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று வருஷம்தான் இருக்கும் என்று பிற்பாடு ஒரு கால்நடை டாக்டர் சொன்னார். ஆறு வருஷம் ஆகிவிட்டது, பஞ்சு இன்னும் இருக்கிறது. நடுவில் செத்துப்போய் வேறு வாங்கினாயா என்று தங்கையை இரண்டு மூன்று தடவை துருவித் துருவிக் கேட்டுவிட்டேன். "ஒனக்கு என்ன பைத்தியமாண்ணே?" என்கிறாள்.

போன மாதம் யாழினி கூண்டோடு வந்திருந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கொல்லைப் பக்கம் அந்தக் கல்மேல் போய் உட்கார்ந்தாள். கூண்டு மடியில் இருந்தது, உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, பஞ்சுக்கு வயசாயிடுச்சு. செத்துட்டா இங்க கொண்டாந்து பொதைக்கட்டுமா? இந்தக் கல்லுக்கு அடியில?"

"அங்க வேணாம் பாப்பா."

"ஏன் மாமா, இதுக்கு அடியில என்ன இருக்கு?"

"தெரியலம்மா," என்றேன். சத்தியமாகத் தெரியாது. ஆனால் நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் நின்றிருந்தது. பஞ்சு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.